எக்ஸ்போசித்தோ: ஒரு குடும்பப்பெயரின் கதை

மூன்றாம் மொழிப் பாடமாக ஸ்பானிய மொழியை எடுத்த முதல் வாரத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒரு வேலை கொடுத்தார். வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு ஸ்பானியக் குடும்பப்பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். பருவம் முடியும்வரை வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். இரண்டு பக்கப் பட்டியல் ஒன்று கைமாறி வந்தது. காற்பந்து ரசிகர்கள் தோரெஸ் என்ற பெயருக்காக அடித்துக்கொண்டார்கள். சீனத் தோழி ஒருத்தி கார்சியாவை எடுத்துக்கொண்டாள். நான் யாரும் தொடாத ஒரு பெயரைத் தொட்டேன்: எக்ஸ்போசித்தோ. கேட்பதற்குக் கண்காட்சி போல இருந்தது. பகட்டான பெயர் என்று நினைத்தேன்.

விரிவுரையாளர் சற்றே தயங்கினார். "நல்ல பெயர்தான். ஆனால் இன்று இரவு அகராதியைப் பாருங்கள். நாளைக்கும் இதே பெயர் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அன்றிரவு விடுதி அறையில் அகராதியைப் புரட்டினேன். 'பிறந்தவுடன் கைவிடப்பட்ட குழந்தை. அநாதை இல்லத்தில் விடப்பட்ட குழந்தை' என்று இருந்தது. அகராதியை மூடிவிட்டேன். ஆனால் பெயர் மனத்தை விட்டுப் போகவில்லை. அன்று தொடங்கிய தேடலில் சேர்ந்தவற்றைத்தான் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஸ்பானியர்களின் பெயர்முறையைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குக் குடும்பப்பெயர் இரண்டு. வழக்கமாகத் தந்தையின் முதல் குடும்பப்பெயர் முன்னால் வரும், தாயின் முதல் குடும்பப்பெயர் பின்னால் வரும். நாம் கார்சியா மார்க்வெஸ் என்று சொல்லும் எழுத்தாளருக்குத் தந்தை வழியில் கார்சியா, தாய் வழியில் மார்க்வெஸ். திருமணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தாயின் பெயரை முன்னால் வைத்துக்கொள்ளவும் பெற்றோருக்கு உரிமை கிடைத்தது. 2017 முதல் தந்தை பெயருக்குத் தானாகக் கிடைத்துவந்த முன்னுரிமையும் போய்விட்டது. பெற்றோர் சேர்ந்து வரிசையை முடிவு செய்ய வேண்டும்.

இக்குடும்பப்பெயர்கள் வந்த வழிகள் பல. ஊரால் வந்தவை உண்டு, தொலேடோ போல. தொழிலால் வந்தவை உண்டு. ஹெரேரோ என்றால் கொல்லர், சபத்தேரோ என்றால் செருப்புத் தைப்பவர். உடல் தோற்றத்தால் வந்தவையும் உண்டு. டெல்காடோ என்றால் ஒல்லியானவர். ஆனால் நம் காதில் அதிகம் விழுபவை 'எஸ்' என்ற ஈற்றில் முடிபவை. அந்த ஈறு 'இன்னாரின் மகன்' என்று பொருள் தருவது. ஃபெர்னாண்டோவின் மகன் ஃபெர்னாண்டஸ், ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ், சாஞ்சோவின் மகன் சாஞ்செஸ். போர்த்துக்கீசியத்திலும் இதே முறைதான். அதனால்தான் நம் கத்தோலிக்க நண்பர்கள் சிலருக்கும் ஃபெர்னாண்டஸ் என்ற பெயர் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இது நம் அடையாள அட்டையில் உள்ள 'ஏ/எல்', 'ஏ/பி' செய்யும் வேலையேதான். இன்னாரின் மகன், இன்னாரின் மகள். ஒரே வேறுபாடு, நம்முடையது தலைமுறைக்கு ஒருமுறை மாறுகிறது. அவர்களுடையது ஏதோ ஒரு நூற்றாண்டில் ஒரு தந்தையின் பெயரோடு உறைந்து நின்றுவிட்டது. வெளிநாட்டுப் பாரங்களில் 'குடும்பப்பெயர்' என்ற கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் பெயரை எழுதிவிட்டு, அங்கே போனபின் எல்லாரும் என்னை அப்பா பெயரால் கூப்பிடுவதைக் கேட்டு விழிப்பவள் நான். எனவே இந்த ஈறு எனக்கு உடனே புரிந்தது.

தந்தை யாரென்றே தெரியாத குழந்தைக்கு இந்த ஈற்றை எந்தப் பெயரோடு ஒட்டுவது? அங்கேதான் எக்ஸ்போசித்தோ வருகிறது.

சொல்லுக்குள் இருப்பது

இச்சொல்லின் தாய் லத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே. 'போனெரே' என்றால் வைத்தல். 'எக்ஸ்போசித்துஸ்' என்றால் வெளியே வைக்கப்பட்டவன். கண்காட்சியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். அங்கே பொருள்களை எல்லாரும் காண வெளியே வைக்கிறார்கள். ஆக, என் முதல் ஊகம் முழுத் தவறில்லை.

இலக்கணம் படித்த நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். 'வைக்கப்பட்டவன்' என்பது செயப்பாட்டுவினையிலிருந்து வந்த வினையாலணையும் பெயர். செயப்பாட்டுவினையில் செய்தவரைச் சொல்லாமலே விட்டுவிடலாம். வைத்தது யார்? தாயா, தந்தையா, பாட்டியா, வேலைக்காரியா? சொல் அதைச் சொல்லாது. பெற்றோரைப் பற்றி ஒன்றும் சொல்லாத பெயருக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கண வடிவம் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

நமக்குக் கர்ணன் கதை தெரியும். பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்ட அவனுக்கு வளர்த்த தாயின் பெயரால் ராதேயன் என்ற பெயர் வந்தது. அது அவனை எடுத்தவள் யார் என்பதைச் சொன்ன பெயர். ஸ்பானியப் பெயரோ எடுத்ததைச் சொல்லவில்லை, விட்டதைச் சொன்னது.

சுவரில் சுழலும் பெட்டி

தொலேடோ நகரில் சாந்தா குரூஸ் அருங்காட்சியகம் என்ற அழகிய கட்டடம் இருக்கிறது. இன்று அங்கே சுற்றுப்பயணிகள் ஓவியங்களைப் பார்க்கிறார்கள். அது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான மருத்துவமனையாகக் கட்டப்பட்டது. 1495இல் இறந்த கர்தினால் மெண்டோசா விட்டுச்சென்ற செல்வத்தில் எழுந்தது. மாட்ரிட் நகரின் இல்லமும் அதே நூற்றாண்டில் தோன்றியது. ஹாலந்திலிருந்து கொண்டுவரப்பட்ட மரியன்னையின் உருவம் ஒன்று அங்கே வைக்கப்பட்டிருந்தது. அது வந்த ஊரின் பெயர் ஸ்பானிய வாயில் 'இன்குலூசா' என்று திரிந்தது. பிறகு அந்த இல்லத்துக்கே அது பெயராயிற்று. அதன்பின் நாட்டிலுள்ள இத்தகைய இல்லங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. அங்கே வளர்ந்தவனை 'இன்குலூசெரோ' என்றார்கள். அது வசைச்சொல்.

இல்லத்தின் சுவரில் 'தோர்னோ' என்று ஒன்று இருக்கும். மரத்தாலான உருளை வடிவப் பெட்டி; அச்சில் சுழலும். தெருப்பக்கத்தில் குழந்தையை வைத்து, பெட்டியைச் சுழற்றி, மணியை அடித்துவிட்டுப் போய்விடலாம். உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரைப் பார்க்க முடியாது. குழந்தையோடு சில சமயம் ஒரு சீட்டு இருக்கும்: பெயர் இன்னது, ஞானஸ்நானம் ஆயிற்று அல்லது ஆகவில்லை. சில சமயம் ஒரு நாடாத் துண்டு, பதக்கம், பாதியாகக் கிழித்த ஓர் அட்டை. மற்றப் பாதி தாயிடம் இருக்கும். என்றாவது திரும்பி வந்தால் அடையாளம் காட்டுவதற்கு. அப்படித் திரும்பி வந்தவர்களும் உண்டு. ஏனென்றால் விடப்பட்டவர்கள் எல்லாரும் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள் அல்லர். பஞ்ச காலத்தில் சோறு போட முடியாத கணவனும் மனைவியும்கூடத் தோர்னோவைச் சுழற்றினார்கள்.

உள்ளே போன குழந்தைக்குப் பாதிரியார் ஞானஸ்நானம் செய்து, பெரும்பாலும் அன்றைய புனிதரின் பெயரை வைப்பார். பின்னால் எக்ஸ்போசித்தோ சேரும். எல்லா ஊரிலும் அல்ல. சில இடங்களில் சிலுவை, திருச்சபை என்று பொருள்படும் பெயர்களை வைத்தார்கள். கட்டலோனியாவில் 'தெவுலோஃபேவு' என்றொரு குடும்பப்பெயர் உண்டு. பார்சலோனா அணியில் ஆடிய காற்பந்து வீரர் ஜெரார்டு தெவுலோஃபேவுவை அறிந்தவர்கள் நம்மில் உண்டு. 'கடவுள் படைத்தது' என்பது அதன் பொருள். அதுவும் கைவிடப்பட்ட குழந்தைகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்தான். இரண்டில் எதை வைப்பது என்று என்னைக் கேட்டிருந்தால் கட்டலோனியர் பக்கம்தான் நின்றிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாலூட்டும் செவிலித் தாய்மார் போதாமல், நோயும் நெருக்கடியும் சேர்ந்து, 18ஆம் நூற்றாண்டின் பெரிய இல்லங்களில் சேர்ந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. ஆகவே இன்று ஸ்பெயினில் எக்ஸ்போசித்தோ என்ற பெயரோடு வாழும் பல்லாயிரம் பேரில் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் பிழைத்துக்கொண்ட ஒரு குழந்தை இருக்கிறது.

சட்டம் தடுத்த வசைகள்

1794இல் நான்காம் கார்லோஸ் மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். பெற்றோர் அறியப்படாத குழந்தைகள் அனைவரும் குடிமை உரிமைகளில் முறையாகப் பிறந்தவர்களாகவே கருதப்பட வேண்டும் என்றது அந்த ஆணை. அவர்களை முறைகேடாகப் பிறந்தவன் என்ற பொருளில் வைதால் அது குற்றம். வைதவன் நீதிமன்றத்தில் தன் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும். எந்தெந்த வசைச்சொற்கள் என்று ஆணையே ஒரு பட்டியல் தருகிறது.

ஆணையில் எனக்கு வியப்பளித்த பகுதி வேறு. இவர்கள் குற்றம் செய்தாலும் சாட்டையடி, தூக்குமரம் போன்ற இழிவான தண்டனைகளைத் தரக்கூடாது. உயர்குடியினருக்குத் தரும் தண்டனையையே தர வேண்டும். காரணம்? தண்டிக்கப்படுபவர் ஏதாவது பெரிய குடும்பத்துப் பிள்ளையாக இருந்துவிடக்கூடும்! ஐயம் இருந்தால் இரக்கத்தின் பக்கம் நிற்க வேண்டும் என்பது மன்னரின் விருப்பம். நல்ல விளைவுதான். ஆனால் அந்த இரக்கத்தின் அடியில் குழந்தை இல்லை, முகம் தெரியாத பிரபு ஒருவர் இருக்கிறார் என்பதைப் படிக்கும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. மேலும், இத்தனை வசைச்சொற்களைத் தடைசெய்த ஆணை, அக்குழந்தைகளைக் குறிக்கத் தானே கையாண்ட சொல் எக்ஸ்போசித்தோ. அச்சொல்லும் வலிக்கும் என்பதைச் சட்டம் உணர இன்னும் 127 ஆண்டுகள் ஆயின.

பெற்றோர் அறியப்படாதவர் என்று பதிவேட்டில் எழுதப்பட்டவர்களில் ஒருவரை ஸ்பெயின் முழுவதும் அறியும். கலீசிய மொழியின் பெருங்கவிஞர் ரொசலீயா டெ காஸ்த்ரோ. 1837இல் சந்தியாகோ நகரில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். தாய் மதிப்புள்ள குடும்பத்துப் பெண். அரச மருத்துவமனையின் ஆலயத்தில் நடந்த ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர் இல்லை. ஞானத்தாயாக வந்த பெண் குழந்தையைத் தன்னோடு எடுத்துச் சென்றதால் இல்லத்துக்குள் போகவில்லை. அந்தப் பெண் கையை நீட்டாமல் இருந்திருந்தால் அவரும் ஓர் எக்ஸ்போசித்தோவாக வளர்ந்திருக்கலாம். பிற்காலத்தில் தாயின் குடும்பப்பெயரே அவர் பெயராக நிலைத்தது. அவர் முகம் 500 பெசேட்டா நோட்டிலும் இடம்பெற்றது.

கைகளில் கொண்டுபோன மருந்து

இப்பிள்ளைகளின் வரலாற்றில் நம் வட்டாரம் வரை வந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கப்பட்ட புதிது. அமெரிக்காவிலிருந்த ஸ்பானியக் குடியேற்றங்களில் அம்மை மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் தடுப்புப்பாலைக் கடல் கடந்து எப்படிக் கொண்டுபோவது? மருத்துவர் பல்மிஸ் ஒரு வழி சொன்னார்: மனித உடலிலேயே கொண்டுபோவது. இரண்டு சிறுவர்களுக்குக் கையில் குத்தினால், ஒன்பது பத்து நாளில் கொப்புளம் எழும். அதிலிருந்து எடுத்து அடுத்த இருவருக்குக் குத்தலாம். இப்படிக் கரை சேரும்வரை சங்கிலி அறாமல் காக்க வேண்டும்.

யார் தங்கள் பிள்ளையைக் கொடுப்பார்கள்? 1803 நவம்பர் 30ஆம் நாள் லா கொருன்யா துறைமுகத்திலிருந்து 'மரீயா பீத்தா' என்ற கப்பல் புறப்பட்டபோது அதில் 22 சிறுவர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் இல்லங்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். வயது மூன்று முதல் ஒன்பது வரை. அவர்களின் பெயர்ப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதைப் படித்தால் கண்ணில் படுவது, பலருக்குக் குடும்பப்பெயரே இல்லை என்பதுதான். கிளெமென்தே. ஹசிந்தோ. மர்த்தீன். அவ்வளவுதான்.

அவர்களைக் கவனித்துக்கொண்டவர் லா கொருன்யா இல்லத்தின் தலைவி இசபெல் செந்தால். இவருடைய குடும்பப்பெயரையும் அக்கால எழுத்தர்கள் கணக்கில்லாத விதங்களில் மாற்றி மாற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். எது சரியென்று ஆய்வாளர்கள் வெகுகாலம் தேடினார்கள். 2020இல் மாட்ரிட்டில் திறக்கப்பட்ட பெருந்தொற்று மருத்துவமனைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

மெக்சிக்கோவை அடைந்தபின், பல்மிஸ் அங்கே சேர்த்த 26 சிறுவர்களோடு பசிபிக்கைக் கடந்து 1805 ஏப்ரலில் மணிலாவுக்கு வந்தார். செந்தாலும் உடன் வந்தார். தடுப்பூசி பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும், அங்கிருந்து பல்மிஸின் கையால் மக்காவுக்கும் போனது. ஸ்பெயினிலிருந்து வந்த சிறுவர்கள் மெக்சிக்கோவிலேயே தங்கிவிட்டார்கள். நன்றாக வளர்த்துப் படிக்கவைப்போம் என்று அரசு சொல்லியிருந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் இன்னோர் அநாதை இல்லம்.

அப்பாவின் பெயர்

புவெனஸ் ஐரெஸ் நகரில் 1779இல் இத்தகைய இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்குப் பணம் வேண்டும். யேசு சபையினர் விட்டுச்சென்ற பழைய அச்சு இயந்திரம் ஒன்று கொர்தோபா நகரில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து, 1780இல் 'எக்ஸ்போசித்தோ குழந்தைகளின் அச்சகம்' என்ற பெயரிலேயே தொடங்கினார்கள், வருமானம் குழந்தைகளுக்கு. முப்பது ஆண்டுக்குப் பின், 1810 மே புரட்சியின் செய்தித்தாள் 'கசேத்தா' அச்சேறியதும் அங்கேதான். ஸ்பானிய ஆளுநர் ஏற்படுத்திய அச்சகம் ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான எழுத்தை அச்சிட்டது.

அதே அர்ஜென்டினாவில் 20ஆம் நூற்றாண்டில் இரு சகோதரர்கள் இருந்தார்கள். தாங்கோ இசையை அறிந்தவர்கள் அவர்களை அறிவார்கள். தம்பி மெட்டமைப்பார், அண்ணன் பாட்டெழுதுவார். 'நரன்ஹோ என் ஃப்ளோர்' என்ற புகழ்பெற்ற பாடல் இருவரும் சேர்ந்து செய்தது. இவர்களின் தந்தை இல்லத்தில் வளர்ந்தவர்; மிட்டாய்க்கடை நடத்தியவர். தன் பிள்ளைகளுக்கு அவர் வைத்த பெயர்கள் ஹோமரும் வெர்ஜிலும். கிரேக்கத்துக்கும் ரோமாபுரிக்கும் ஆளுக்கொரு மகாகவி. ஒமேரோ எக்ஸ்போசித்தோ, விர்ஹீலியோ எக்ஸ்போசித்தோ.

இந்த இரண்டு பெயர்களில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. முதல் தலைமுறையில் எக்ஸ்போசித்தோ என்றால் தந்தை தெரியாதவன். அவனுக்கு ஒரு மகன் பிறந்தால் அவனும் எக்ஸ்போசித்தோதான். ஆனால் இப்போது அது தந்தையின் பெயர். தந்தை இல்லை என்று சொன்ன அதே சொல், இவர்தான் என் தந்தை என்று சொல்லத் தொடங்கிவிடுகிறது. பேரன் காலத்தில் அது தாத்தாவின் பெயர்.

ஊராருக்கு அப்படித் தோன்றவில்லை என்பதும் உண்மை. பள்ளியில், பெண் கேட்கும் இடத்தில், வேலைக்குப் போகும் இடத்தில், இரண்டு மூன்று தலைமுறைக்குப் பிறகும் அந்தப் பெயர் முதல் நாளைக் காட்டிக்கொடுத்தது. நம் முறையாக இருந்தால் ஒரு தலைமுறையில் மறைந்திருக்கும், குடும்பப்பெயர் மறையாது. எனவே 1921இல் ஸ்பெயின் சட்டம் இப்பெயரை மாற்றிக்கொள்ள வழிவிட்டது. 1957ஆம் ஆண்டின் குடிமைப் பதிவுச் சட்டம் எக்ஸ்போசித்தோவைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, தெரியாத பிறப்பைக் காட்டும் எந்தப் பெயரையும் மாற்றிக்கொள்ள அனுமதித்தது. மறு ஆண்டு வந்த விதிமுறைகள் அத்தகைய பெயரை இனி எந்தக் குழந்தைக்கும் அதிகாரிகள் வைக்கக்கூடாது என்று தடுத்தன. இன்று பெற்றோர் அறியப்படாத குழந்தைக்கு நாட்டில் சாதாரணமாக வழங்கும் குடும்பப்பெயர்களே வைக்கப்படுகின்றன. இத்தாலியிலும் இதே கதைதான்: நேப்பிள்ஸ் நகரில் மிகுதியாகக் காணப்படும் குடும்பப்பெயர் எஸ்போசித்தோ. அங்கே அந்தப் பெயரை வைப்பதற்கான தடை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

மாற்றிக்கொள்ளலாம் என்றபோது பலர் மாற்றிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பலர் மாற்றாமலும் விட்டார்கள். 2009இல் வெளிவந்து ஆஸ்கார் பெற்ற 'எல் செக்ரெத்தோ டெ சுஸ் ஓஹோஸ்' என்ற அர்ஜென்டினப் படத்தின் நாயகன் பெயர் பெஞ்சமின் எஸ்போசித்தோ. மூல நாவலில் அவன் பெயர் சபாரோ. திரைக்கு வந்தபோது மாற்றினார்கள். பெரிய குடும்பத்தில் பிறந்த மேலதிகாரியை விரும்பியும் வாய்திறக்க முடியாமல் இருப்பவன் அவன். வசன வரிகளை நம்பிப் படம் பார்க்கும் நமக்கு அது வெறும் பெயர். ஸ்பானியம் பேசுபவருக்கு அந்தத் தயக்கத்தின் பாதி பெயரிலேயே கேட்டுவிடும்.

இவ்வளவும் அன்றிரவே தெரிந்துகொண்டவை அல்ல. மறுநாள் வகுப்புக்குப் போனபோது எனக்குத் தெரிந்தது அகராதியில் இருந்த அந்த ஒரு வரிதான். விரிவுரையாளர் பதிவேட்டைத் திறந்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "மாற்ற வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. பதினான்கு வாரமும் "செனியோரீத்தா எக்ஸ்போசித்தோ" என்று கூப்பிட்டார். நானும் "பிரெசெந்தே" என்று கை தூக்கினேன்.